பேய்ப் படமும் பிள்ளை மனமும்

சேர்வராயன் மலையில் இருள் விரைந்து இறங்கும். வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் பனிமூட்டம் மரங்களுக்கிடையே தவழ்ந்து வரும்போது, மணி ஆறுகூட ஆகியிராது. அதிலும் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாயும் தந்தையும் தோட்ட வேலை முடித்து வீடு திரும்பச் சற்று நேரமாகும். அந்த இடைவேளையில் வீட்டிலிருக்கும் பிள்ளைக்குத் துணை யார்? முன்பு பாட்டி இருந்தாள். பக்கத்து வீட்டுத் திண்ணை இருந்தது. இன்றோ பல வீடுகளில் கைப்பேசியே துணை. கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பேய்ப் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி மலைக்கும் புதிதன்று, சமவெளிக்கும் புதிதன்று.

"சுவாமி, பிள்ளை இரவில் அலறி எழுகிறான்", "கொல்லைப்புறத்துக்குத் தனியே போகமாட்டேன் என்கிறாள்", "விளக்கை அணைத்தால் அழுகிறாள்" என்று பெற்றோர் பலர் நம்மிடம் முறையிடுகின்றனர். "அந்தப் படங்களை அடியோடு தடுத்துவிடலாமா?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும், தடை விதிக்குமுன் பிள்ளை எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய வேண்டாமா? நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பவர் உண்டோ?

பிள்ளைகள் சொன்னவை

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தோம். விடைகள் நம்மைச் சிந்திக்க வைத்தன. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு பொம்மையின் கண்களைத்தான் மறக்க முடியவில்லை என்றாள். கதை அவளுக்கு நினைவிலேயே இல்லை. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கோ உருவங்கள் ஒரு பொருட்டல்ல. "இது உண்மையாகவே நடந்தது" என்று படத்தின் தொடக்கத்தில் சொன்னார்களாம், அதுதான் அவன் உறக்கத்தைக் கெடுத்தது. "எங்களுக்குப் பயமே இல்லை" என்று மார்தட்டிய பையன்கள் சிலர், விரலிடுக்கு வழியாகப் பார்த்ததைச் சற்று நேரத்தில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டனர். "அண்ணன் பக்கத்தில் இருந்தால் எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும், அண்ணன் இல்லாவிட்டால் பார்க்கவே மாட்டேன்" என்றாள் இன்னொருத்தி.

கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்குப் பேயைவிடச் சாமியிடம்தான் பயம். பொய் சொன்னால் கண்ணைக் குத்திவிடுமாமே!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஐந்து விடைகளிலும் ஐந்து பாடங்கள் இருப்பதாகவே நமக்குத் தோன்றியது. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

அச்சத்திலும் ஒரு சுவை

முதலில், விரலிடுக்கு வழியாகப் பார்த்த பையன்களின் கட்சியைக் கேட்போம். அஞ்சுவதில் ஓர் இன்பமும் உண்டு என்பதே அவர்கள் கட்சி. இதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் நகை, உவகை ஆகியவற்றோடு அச்சமும் இடம் பெறுகிறது. அச்சமில்லாத கதை உப்பில்லாத பண்டம் போன்றதே. நம் பிள்ளைகள் கோலியாத்தின் கதையைக் கேட்கும்போது கண்கள் விரிய உட்கார்ந்திருப்பது ஏன்? தானியேல் சிங்கக் குகையில் தள்ளப்படும்போது மூச்சை அடக்கிக்கொள்வது ஏன்? அச்சம் வருகிறது; பிறகு அச்சம் நீங்குகிறது. அந்த நீக்கத்தில்தான் பிள்ளை வளர்கிறது.

சித்திரத்தில் தீட்டிய பேயும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழை நம் வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் சுடுகாட்டின் வழியே நடந்து செல்லும் அந்தப் படத்தைப் பார்த்து அஞ்சாத பிள்ளை உண்டா? அதை வரைந்த ஓவியர் சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன், ஈரோட்டுப் பக்கத்தில் 1924-இல் பிறந்தவர், 2020-இல் மறைந்தார், மறைவுக்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. பிணத்துக்குள் புகுந்த வேதாளம் அரசனைக் கொல்ல வரவில்லை. அவனிடம் கேள்வி கேட்க வந்தது. எது நீதி, யார் உயர்ந்தவர் என்று ஒவ்வொரு கதையிலும் வினவியது. அரசன் விடை சொன்னதும் மரத்துக்குத் திரும்பியது. அரசனும் மனம் தளராமல் மீண்டும் மரத்தை நோக்கி நடந்தான். அச்சத்தின் நடுவே அறிவும் விடாமுயற்சியும் பிள்ளைக்கு ஊட்டப்பட்டன. அதுவன்றி, அந்த இதழைப் பெரும்பாலும் ஒரு பெரியவர் வாய்விட்டுப் படிக்க, பிள்ளைகள் சுற்றி அமர்ந்து கேட்டனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

முகமூடியும் கோழை நாயும்

தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்கான பேய்ப் பொம்மைப் படங்களுள் பெயர் பெற்றவை இரண்டு. இரண்டிலுமே ஒரு நாய்தான் கதைத் தலைமை. அவற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது 'ஸ்கூபி டூ'. 1960-களின் இறுதியில், சனிக்கிழமைக் காலைப் பொம்மைப் படங்களில் அடிதடி மிகுந்துவிட்டதென்று அமெரிக்கப் பெற்றோர் கண்டனக் குரல் எழுப்பினர். அதன் விளைவாக அடிதடியற்ற தொடர் ஒன்றைத் தயாரிக்க சி.பி.எஸ். தொலைக்காட்சி முன்வந்தது. மர்மக் கதை ஒன்று வகுக்கப்பட்டு, அதற்கான சித்திரங்களும் நிறுவனத் தலைவர்கள் முன் வைக்கப்பட்டன. அவர்களோ, 'இது பிள்ளைகளுக்கு மிகவும் பயங்கரமாக இருக்கிறது' என்று அதை ஏற்க மறுத்துவிட்டனர். பின்னர் பயத்தைக் குறைத்து, நகைச்சுவையைக் கூட்டி, நடுநடுங்கும் பெரிய நாயை நடுநாயகமாக்கி 1969 செப்டம்பரில் ஒளிபரப்பினர். அத்தொடரின் பேய்கள் ஏறக்குறைய எல்லாமே இறுதியில் முகமூடி கழற்றப்பட்டு, பணத்தாசை பிடித்த மனிதர்களாக வெளிப்பட்டன. பேய் என்று ஓடாதே, நின்று பார், பின்னால் ஒரு மனிதன் ஒளிந்திருப்பான் என்பதே அத்தொடர் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடம்.

இரண்டாவது 'கரேஜ் தி கவர்ட்லி டாக்'. கரேஜ் என்றால் துணிவு. கோழை நாய்க்குத் துணிவு என்று பெயர்! ஜான் டில்வொர்த் என்பவர் உருவாக்கிய இதன் முன்னோடிக் குறும்படம் 1996-இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தொடர் 1999 முதல் 2002 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் புதிது புதிதாக வெளிவந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளும் அதைக் கண்டு களித்தனர், அஞ்சியும் நடுங்கினர். குட்டியாய்க் கைவிடப்பட்ட ஒரு நாய். அதை எடுத்து வளர்க்கும் அன்பான மூதாட்டி. கடுகடுப்பான அவள் கணவர். சுற்றிலும் மனித வாடையற்ற பொட்டல். அங்கே இரவுதோறும் ஏதேனும் ஒரு தீமை வந்து கதவைத் தட்டும்.

இன்று முப்பதைத் தாண்டிய பலர், இத்தொடரின் ஒரு கதையைச் சொன்னவுடனே சிலிர்த்துக்கொள்கின்றனர். எகிப்திய அரசன் ராம்சேயின் ஆவி, களவுபோன தன் கற்பலகையைத் திருப்பித் தரும்படி கேட்டு இருளில் நிற்கும் கதை அது. மற்ற உருவங்கள் கையால் வரைந்தவை போலிருக்க, அந்த ஆவி மட்டும் கணினியால் வேறு விதமாக அமைக்கப்பட்டிருந்தது. அந்த வேற்றுமையே பிள்ளைகளை உலுக்கியது. கிழவரோ பேராசையால் பலகையைத் தர மறுக்கிறார். வெள்ளம் வருகிறது, செவியைத் துளைக்கும் இசை வருகிறது, வெட்டுக்கிளிகள் வருகின்றன. விடுதலைப் பயண நூலைப் படித்தவர்களுக்கு, மனம் கடினப்பட்ட பார்வோனின் நினைவு இங்கே வராமற் போகாது.

இத்தொடரைப் பற்றிப் பார்வையாளர் இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறோம். "என் பிள்ளைப் பருவத்து உறக்கத்தையே கெடுத்த படம் அது" என்பர் சிலர். "எனக்குத் துணிவு கற்றுத் தந்த படமே அதுதான்" என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். ஏனெனில், அந்த நாய் ஒருபோதும் அஞ்சாமலிருந்ததில்லை. பல்லெல்லாம் கிடுகிடுக்க நடுங்கும். ஆயினும் தன்னை வளர்த்தவளுக்கு ஆபத்து என்றால் ஓடி ஒளியாமல் முன்னே செல்லும். துணிவு என்பது அச்சமின்மையன்று. அச்சத்தைவிட அன்பு பெரிதாயிருத்தலே துணிவு. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே திகிலுக்கும் மனக்கலக்கத்துக்கும் உள்ளானார் என்று நற்செய்தி கூறவில்லையா? அச்சம் பாவமன்று. "பயப்படுவது வெட்கம்" என்று பிள்ளைக்குச் சொல்லித் தருபவர் தவறாகவே சொல்லித் தருகின்றனர்.

கண்ணும் காதும் அஞ்சும் விதம்

அப்படியானால் ஒரே படம் ஒரு பிள்ளைக்கு விருந்தாகவும் மற்றொன்றுக்கு நஞ்சாகவும் ஆவது ஏன்? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோன் கேன்டர் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் இதையே ஆராய்ந்தார். அவர் கண்டறிந்தவை, நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் சொன்னவற்றோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தோற்றத்தைக் கண்டே அஞ்சுகிறது. நல்லவனாக இருந்தாலும் உருவம் கோரமாக இருந்தால் அதற்கு அவன் பேய்தான். 'இன்கிரெடிபிள் ஹல்க்' என்னும் தொடரில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற அரக்க உருவம் எடுத்துப் பிறரைக் காப்பாற்றுவார். அவர் உருமாறும் கட்டத்தில்தான் சின்னஞ்சிறு பிள்ளைகள் மிகவும் அஞ்சின. காப்பாற்ற வந்தவரைக் கண்டே பயம்! வளர்ந்த பிள்ளைகளுக்கோ உருவம் பெரிதன்று. 'இது நமக்கும் நடக்கக்கூடும்' என்ற எண்ணமே அவர்களை வாட்டுகிறது. 1992 அக்டோபர் 31 இரவு, பி.பி.சி. 'கோஸ்ட்வாட்ச்' என்னும் கற்பனை நாடகத்தை நேரடி ஒளிபரப்புப் போலவே காட்டியது. அதைக் கண்டு கடுமையான மனப் பாதிப்புக்கு உள்ளான பத்து வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி மருத்துவர்கள் 1994-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். பயமுறுத்தியது உருவம் அன்று. 'உண்மை' என்ற முத்திரை.

கேன்டர் அம்மையாரும் மற்றோர் ஆய்வாளரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெற்றோர் கருத்தில் கொள்ளத்தக்கது. கல்லூரி மாணவர் ஏறக்குறைய 150 பேரை விசாரித்ததில், பத்தில் ஒன்பது பேர் இளமையில் திரையில் கண்ட ஏதோ ஒன்று தங்களை நெடுநாள் அச்சுறுத்தியதாகக் கூறினர். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அந்த அச்சத்தின் எச்சம் அப்போதும் நீங்கவில்லை. பிள்ளையின் பயத்தை 'இரண்டு நாளில் மறந்துவிடும்' என்று தள்ளிவிடுதல் எப்போதும் சரியன்று என்பது இதனால் விளங்கும்.

பிள்ளைகளுக்கென்றே எடுத்த படமும் விதிவிலக்கன்று. வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1937-இல் வெளிவந்தது. அதில் வரும் சூனியக்காரி பிள்ளைகளை அச்சுறுத்துவாள் என்று கருதிய பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள், பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்கலாம் என்ற வகையிலேயே 1938-இல் அதற்குச் சான்று வழங்கினர். தடை விதிக்கவில்லை, துணை வேண்டும் என்றனர். நாம் பின்னர் சொல்லப்போவதும் இதுவே.

கூடத்திலிருந்து கம்பளிக்குள்

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டி ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் இருந்தது. வாசலில் கூட்டமாய் நின்று பார்த்தோம். 2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியதும் ஏழை எளியோர் குடிசைகளிலும் அது இடம் பிடித்தது. அப்போதும் அது கூடத்தில்தான் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் 'மர்மதேசம்' தொடரை நடுங்கிக்கொண்டே பார்த்த பிள்ளைகள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தனர். பக்கத்தில் யாரோ ஒருவர் இருந்தார், விளம்பர இடைவேளையில் விளக்கு எரிந்தது, யாரோ சிரித்தனர், பயம் பாதியாயிற்று.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் படிக்கவென்று வீடுதோறும் கைப்பேசி வந்தது. பாடம் முடிந்த பின்னும் அது பிள்ளையின் கையை விட்டுப் போகவில்லை. கூடத்திலிருந்த திரை கம்பளிக்குள் புகுந்துவிட்டது. காதுக்குள்ளேயே ஒலி, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உருவம், பக்கத்தில் ஒருவருமில்லை. 'அண்ணன் இருந்தால் பிடிக்கும்' என்றாளே அந்தச் சிறுமி, அவள் சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. படம் மாறியதைவிடப் பார்க்கும் முறை மாறியதே பெரிய மாற்றம்.

படங்களும் மாறியுள்ளன என்பதை மறுக்க முடியாது. தொடர்க்கதைக்கு ஆசிரியர் உண்டு, முடிவு உண்டு, முகமூடி கழலும் நேரம் உண்டு. இணையத்தில் உலவும் துண்டுக் காணொளிகளுக்கோ முடிவே இல்லை. திடுக்கிட வைப்பதொன்றே நோக்கம். பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் உருவங்களைக் கொண்டே குரூரமும் ஆபாசமும் கலந்த படங்கள் தயாரிக்கப்பட்டுப் பிள்ளைகளிடையே உலவியது 2017-இல் அம்பலமாயிற்று. யூடியூப் நிறுவனம் அத்தகைய கணக்குகள் பலவற்றை நீக்கியது. மேலட்டையில் பிள்ளைக்குப் பிடித்த பொம்மையின் படம் இருப்பதால் உள்ளே இருப்பது பிள்ளைக்கு ஏற்றது என்று நம்பிவிடலாகாது.

இதைச் சொல்லும்போது பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2018-ஆம் ஆண்டு 'மோமோ' என்னும் கோர முகம் கைப்பேசி வழியாகப் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. நம் நாட்டையும் அது விடவில்லை. உண்மையில் அந்த முகம் ஜப்பானியச் சிற்பம் ஒன்றின் படம். பிள்ளை நலத் தொண்டு நிறுவனங்கள் பல அதைப் புரளி என்றே முடிவுகட்டின. அந்தக் கோர முகத்தைப் பிள்ளைகளிடம் மிகுதியாகக் கொண்டு சேர்த்தது எது தெரியுமா? 'எச்சரிக்கை' என்ற பெயரில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகளே!

நாமே பூச்சாண்டியாகலாமா?

இனி, கடைசி வரிசைச் சிறுவனிடம் வருவோம். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்த நான்கையும் மலையில் வாழும் பிள்ளை நன்றாக அறியும். விலங்கைக் கண்டு அஞ்சுவது அதற்கு அறிவு. காட்டெருமை மேயும் தடத்தில் அந்தி நேரத்தில் தனியே போகக்கூடாது என்னும் அச்சம் உயிர் காக்கும் அச்சம். கள்வரும் தீயோரும் உண்மையானவர்களே. அவர்களைக் குறித்த எச்சரிக்கையும் வேண்டும். அணங்கைத் திரையில் காண்கிறது. நான்காவதாகிய 'இறை' என்பது அவ்விடத்தில் தம்மை ஆளும் தலைவரைக் குறிக்கும். நம் வழக்கிலோ அச்சொல் கடவுளைக் குறிக்கிறது. அந்த இறைவனைப் பேயின் பட்டியலில் சேர்த்தவர் யார்?

திரைப்படக்காரர் அல்லர். நாமே. சோறு உண்ண மறுக்கும் பிள்ளைக்குப் பூச்சாண்டி. உறங்காத பிள்ளைக்குப் பேய். பொய் சொன்ன பிள்ளைக்குக் கண்ணைக் குத்தும் சாமி. நொடிப் பொழுதில் காரியம் முடிகிறது, பிள்ளை அடங்கிவிடுகிறது. ஆனால் இருட்டறையில் அது தனியே கிடக்கும்போது யாரைக் கூப்பிடும்? கூப்பிட வேண்டிய இறைவனே கண்ணைக் குத்தக் காத்திருப்பவராயிற்றே! பேய்ப் படத்தைக் கண்டு அலறிய பிள்ளை, ஒரு சிலுவை அடையாளம் வரைந்து உறங்கிவிடலாம். சிலுவையைக் கண்டே அஞ்சும்படி பழக்கிய பிள்ளைக்கு எந்த அடையாளம் துணை நிற்கும்? தொலைக்காட்சியைக் குறை கூறுமுன் நம் வீட்டுப் பேச்சைச் சற்றே சோதித்துப் பார்த்தல் நலம்.

நற்செய்தியில் சீடர்கள் இருமுறை 'பேய்' என்றும் 'ஆவி' என்றும் எண்ணி அஞ்சுகின்றனர். ஒருமுறை நள்ளிரவு கடந்த நேரத்தில், கடல்மேல் நடந்துவரும் உருவத்தைக் கண்டு அலறினர். ஆண்டவர் அவர்களை ஏளனம் செய்யவில்லை, தாமதமும் செய்யவில்லை. உடனே குரல் கொடுத்து, வருவது தாம்தான் என்று உணர்த்தினார். மூழ்கத் தொடங்கிய பேதுருவுக்கு முதலில் கையை நீட்டினார். கண்டிப்பு அதற்குப் பிறகே வந்தது. மற்றொரு முறை, உயிர்த்தெழுந்த ஆண்டவர் நடுவில் வந்து நின்றபோதும் ஆவியைக் காண்பதாகவே திகிலடைந்தனர். அப்போது அவர் செய்தது என்ன? தம் கைகளையும் கால்களையும் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்கள் கொடுத்த வேகவைத்த மீனை அவர்கள் கண்முன்னே உண்டார்.

குரல், கை, தொடுகை, உணவு! சின்னஞ்சிறு பிள்ளையிடம் "அது பொய்" என்று விளக்கம் சொல்வதால் அதிகப் பயன் விளையாது, அணைத்துக்கொள்ளுதலும் அருந்த ஏதேனும் தருதலுமே அதன் அச்சத்தைத் தணிக்கும் என்று கேன்டர் அம்மையார் தம் ஆய்வில் கண்டதும் இதுவேயன்றோ? வளர்ந்த பிள்ளைக்குத்தான் விளக்கம் உதவும். நம் ஆண்டவர் சீடர்களுக்கு இரண்டையும் கொடுத்தார். முதலில் தொடுகை, பின்னர் மறைநூல் விளக்கம். வரிசை முக்கியம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

திரைப்படக் கலையைத் திருச்சபை ஒருபோதும் வெறுத்து ஒதுக்கியதில்லை. 1936-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படத்தைப் பற்றியும், 1957-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைப் பற்றியும் சுற்றுமடல்கள் எழுதினர். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. 1994-இல் புனித இரண்டாம் ஜான் பால் குடும்பத்தில் தொலைக்காட்சி பார்ப்பதைப் பற்றியும், 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் பிள்ளைகளும் ஊடகமும் என்பதைப் பற்றியும் செய்தி வழங்கினர். இவை அனைத்திலும் இழையோடும் கருத்து, பெற்றோரே முதல் ஆசிரியர் என்பதாகும். ஆகவே, சில சிறு யோசனைகளை அன்புடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, பிள்ளை பார்க்கும் தொடரைப் பத்து நிமிடமேனும் நீங்களும் உடனிருந்து பாருங்கள். முடிவில் தீமை தோற்கிறதா, பிள்ளை வீடு திரும்புகிறதா என்று கவனியுங்கள். பயமுறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடும் படத்தை மறுப்பின்றி நிறுத்துங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத் திரைத் தளங்கள் 7, 13, 16 என்று வயது முத்திரை இடவேண்டும்; 13-க்கு மேற்பட்ட வகைகளுக்குப் பூட்டு வசதியும் தரவேண்டும். அந்தப் பூட்டைப் பயன்படுத்துங்கள். யார் வேண்டுமானாலும் படம் ஏற்றக்கூடிய தளங்களை இந்த முத்திரை கட்டுப்படுத்தாது. அங்கே உங்கள் கண்ணே பூட்டு.

இரண்டாவது, திரை கூடத்திலேயே இருக்கட்டும். இரவு செபம் முடிந்தபின் கைப்பேசி பிள்ளையின் படுக்கைக்குப் போகவேண்டாம். இந்தச் சட்டம் பெற்றோருக்கும் பொருந்தினால்தான் நிலைக்கும்.

மூன்றாவது, அஞ்சிய பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். "ஆண்பிள்ளை அழலாமா?" என்ற சொல்லை வீட்டிலிருந்து அகற்றுங்கள். சிறு பிள்ளையாயின் அணைத்துக்கொண்டு சற்றே வெதுவெதுப்பான பால் கொடுங்கள். வளர்ந்த பிள்ளையாயின் அந்தப் படத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பகலில் பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் பாதி ஒலியில்தான் இருக்கிறது என்பதை அதுவே கண்டுகொள்ளும். பேயை ஒரு தாளில் வரைந்து அதற்கு மீசையும் தொப்பியும் வைக்கச் சொல்லுங்கள். தன் கையால் வரைந்த பேய் யாரையும் விரட்டாது.

நான்காவது, பிள்ளை 'பேய்' என்று சொல்வதைப் பொறுமையாக முழுவதும் கேளுங்கள். மனிதன் ஒருவனைக் கண்டு அஞ்சும் பிள்ளையும், வேறு சொல் தெரியாமல் 'பேய்' என்று சொல்லக்கூடும். தொல்காப்பியர் கூறிய 'கள்வர்' அணங்கின் வேடத்தில் வரலாம். அப்படிப்பட்ட ஐயம் எழுந்தால் மூடி மறைக்காமல் 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை அழையுங்கள். பல வாரங்களாகியும் உறக்கமின்மை நீங்காவிட்டால், படுக்கையை நனைத்தல் புதிதாகத் தொடங்கினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வேப்பிலை அடிப்பவரிடம் கூட்டிச் செல்வதால் பிள்ளைக்குத் தன்னைப் பேய் பிடித்திருக்கிறது என்ற புதிய பயமே சேரும்.

ஐந்தாவதாக, கண்ணைக் குத்தும் சாமியை இன்றோடு வழியனுப்பிவிடுங்கள். பொய் சொன்ன பிள்ளையைக் கண்டிக்க வேண்டுமா? கண்டியுங்கள், உங்கள் பெயரிலேயே கண்டியுங்கள். கடவுளின் பெயரை அச்சுறுத்தும் கோலாக்க வேண்டாம். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரின் பெயர் அது.

அன்பார்ந்த பெற்றோரே! பேய்க்கதை இல்லாத உலகத்தை நாம் பிள்ளைகளுக்குத் தர இயலாது, தரவேண்டிய தேவையுமில்லை. இருள் இருக்கும், அதில் உருவங்களும் தோன்றும். திரையை அணைத்தாலும் வாழ்க்கை அவற்றைக் காட்டவே செய்யும்: நோய், பிரிவு, இழப்பு, சாவு. அவற்றின் முன் நிற்கும் நாளில் பிள்ளைக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் ஒரு குரல் பதில் தரும், நீட்டினால் ஒரு கை பற்றிக்கொள்ளும் என்பது. அந்தக் குரல் முதலில் தாயின் குரலாகவும், அந்தக் கை முதலில் தந்தையின் கையாகவும் இருக்கட்டும். அவற்றை நம்பிப் பழகிய பிள்ளை, பின்னாளில் ஆண்டவரின் குரலையும் அடையாளம் கண்டுகொள்ளும்.